ஒப்பந்தம் முடிகிறது: புதுக் கைப்பேசி எனக்கு, பழையது நன்னிலத்தில் அப்பாவுக்கு. கணக்கு சரியா?

நன்னிலத்தான்

அனைவருக்கும் வணக்கம். நான் பர்மிங்ஹாமில் வேலை பார்க்கிறேன். வீடு நன்னிலத்துக்குப் பக்கத்துக் கிராமம். இங்கே 24 மாத ஒப்பந்தத்தில் கைப்பேசி வாங்கியிருந்தேன். மாதம் 38 பவுண்டு, கருவியும் சிம்மும் சேர்த்து. இந்த நவம்பரில் முடிகிறது. நிறுவனத்திலிருந்து அழைத்து, “உங்களுக்காகவே ஒரு சலுகை” என்று ஆரம்பித்துவிட்டார்கள். புது மாடல், முன்பணம் 30 பவுண்டு, மாதம் 47, மறுபடியும் 24 மாதம். ஒவ்வொரு ஏப்ரலிலும் மாதத் தொகையில் 2 பவுண்டு கூடுமாம். அதே மாடல் கடையில் 799 பவுண்டு.

என் திட்டம் இது: புதியதை நான் எடுத்துக்கொள்கிறேன், இப்போது கையில் இருப்பதை அப்பாவுக்கு அனுப்பிவிடுகிறேன். அப்பாவின் கைப்பேசி முதுகு புடைத்துக் கிடக்கிறது. பின்மூடி கழன்று வருகிறது என்று ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறார். தை மாதம் சம்பா அறுவடைக்குள் அவருக்கு நல்ல கருவி வேண்டும். இங்கிருந்து அனுப்புவது அங்கே வேலை செய்யுமா? சலுகையை ஏற்கலாமா?

மன்னைப் பழுதுக்கடை

மற்றதெல்லாம் பிறகு. முதலில் அந்த ரப்பர் பேண்ட்.

தம்பி, இன்றைக்கே வீட்டுக்கு அழைத்து அந்தக் கைப்பேசியைச் சார்ஜ் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். முதுகு புடைத்தால் உள்ளே லித்தியம் பேட்டரியில் வாயு சேர்ந்திருக்கிறது என்று பொருள். அழுத்திக் கட்டுவது, ஊசியால் குத்துவது, தலையணைக்குக் கீழே வைப்பது மூன்றும் கூடாது. அணைத்து, வைக்கோல், துணிமணி இல்லாத இடத்தில் வைத்து, பக்கத்துக் கடையில் கொடுத்து பேட்டரியைக் கழற்றச் சொல்லுங்கள். சாதாரண மாடலாக இருந்தால் புது பேட்டரி இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். திரை அழுந்திக் கெடவில்லை என்றால் அந்தக் கைப்பேசி இன்னும் ஓடும். அப்படி ஓடினால் உங்கள் கேள்வியில் பாதி தீர்ந்தது.

குடந்தைக் கணக்கர்

கணக்கைப் போட்டுப் பார்த்தேன்.

மாதம் 47 வீதம் 24 மாதத்துக்கு 1,128. முன்பணம் 30. நவம்பரில் தொடங்கினால் முதல் ஏப்ரலுக்குப் பிறகு 12 மாதம் 2 பவுண்டு கூடுதல், அடுத்த ஏப்ரலுக்குப் பிறகு 7 மாதம் 4 பவுண்டு கூடுதல், அது 52. ஆக மொத்தம் 1,210 பவுண்டு. இதே காலத்துக்கு வெறும் சிம் மட்டும் மாதம் 10 பவுண்டுக்குக் கிடைக்கிறது என்று வையுங்கள், 240. கழித்தால் அந்தக் கருவிக்கு நீங்கள் கொடுப்பது 970. கடை விலை 799. “உங்களுக்காகவே” என்ற சொல்லின் விலை 171 பவுண்டு.

இதைவிட முக்கியமான கேள்வி ஒன்று. இப்போது கட்டும் 38 பவுண்டில் கருவிக்கு எவ்வளவு, சிம்முக்கு எவ்வளவு என்று பில்லில் பிரித்துப் போட்டிருக்கிறதா? பிரித்திருந்தால் கருவித் தவணை முடிந்ததும் அந்தத் தொகை தானாக நின்றுவிடும். பிரிக்காமல் ஒரே தொகையாக இருந்தால், நீங்கள் வாய் திறக்கும்வரை 38 போய்க்கொண்டேதான் இருக்கும். கிரயம் பண்ணி முடித்த நிலத்துக்கும் பழைய சொந்தக்காரருக்குக் குத்தகை அளப்பதுபோல.

லெஸ்டர் குடவாசல்

கணக்கர் சொன்னது இங்கே நிஜமாகவே நடக்கிறது. என்னோடு தங்கியிருந்த ஒருவர் கருவித் தொகை தீர்ந்த பிறகும் பழைய கட்டணத்தையே கட்டிக்கொண்டிருந்தார். வங்கியில் தானாகக் கழிவதால் பலருக்கு உறைப்பதில்லை. இதற்காகத்தான் ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம், 2020 பிப்ரவரி முதல், ஒப்பந்தம் முடியும் முன் வாடிக்கையாளருக்குத் தகவல் அனுப்பியே ஆகவேண்டும் என்று வைத்தது. அந்தத் தகவலில் நிறுவனத்தின் சிறந்த கட்டணங்களும் இருக்க வேண்டும். அதைத் தேடிப் படியுங்கள். அழைத்துப் பேசுபவர் அதைச் சொல்லமாட்டார். அவர் வேலை புதிய கருவி விற்பது.

நீங்கள் செய்ய வேண்டியது: பி.ஏ.சி. என்ற மூன்று எழுத்தை ஆங்கிலத்தில் அடித்து 65075 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றுவதற்கான குறியீடு வரும். 30 நாள் செல்லும். வாங்கினால் மாறியே ஆகவேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆனால் அது கையில் வந்த மறுநாள் வாடிக்கையாளரைத் தக்கவைக்கும் பிரிவிலிருந்து அழைப்பு வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். முதல் நாள் சொன்ன விலையும் அன்று சொல்லும் விலையும் ஒன்றாக இருக்காது.

ஏப்ரல் உயர்வைப் பற்றியும் ஒன்று. முன்பெல்லாம் பணவீக்கத்தோடு மேலும் சில சதவீதம் சேர்த்து உயர்த்துவோம் என்று ஒப்பந்தத்தில் எழுதிவிடுவார்கள். எவ்வளவு உயரும் என்று எவருக்கும் தெரியாது. 2025 ஜனவரி 17 முதல் போடும் புது ஒப்பந்தங்களில் பவுண்டிலும் பென்ஸிலும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அதனால்தான் உங்களுக்கு 2 பவுண்டு என்று தெளிவாகச் சொன்னார்கள். நல்ல மனது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தொலைபேசியிலோ இணையத்திலோ ஒப்புக்கொண்டால் மனம் மாற 14 நாள் உண்டு. கடைக்குப் போய்க் கையெழுத்துப் போட்டால் அந்த உரிமை சட்டப்படி கிடையாது.

செம்பவாங் பட்டுக்கோட்டையார்

எல்லோரும் சேர்ந்து ஒப்பந்தத்தைத் திட்டித் தீர்க்கிறீர்கள். நான் சிங்கப்பூரில் ஒப்பந்தத்தைப் புதுப்பித்துத்தான் கைப்பேசி வாங்குகிறேன், நட்டம் என்று சொல்லமாட்டேன்.

காரணம் இருக்கிறது. புது மாடல் வெளிவந்த கையோடு புதுப்பிக்கப் போகக்கூடாது. போனால் முழு விலையையும் நம் தலையில்தான் கட்டுவார்கள். அடுத்த மாடல் வரப்போகிறது என்ற பேச்சு தொடங்கும்போது போனால், இருக்கும் சரக்கைத் தள்ள அவர்களே இறங்கி வருவார்கள். பழைய கருவியைக் கொடுத்தால் கூடுதல் தள்ளுபடியும் சேரும். அந்த நேரத்தில் ஒப்பந்த விலை கடை விலையைவிடக் குறைந்து வந்ததை நானே வாங்கியிருக்கிறேன். இரண்டாவது, என் வேலைக்கு நிறைய டேட்டா வேண்டும். மலிவான சிம் திட்டம் எனக்குப் போதாது. அதை 10 பவுண்டு என்று வைத்துக் கழிக்கும் கணக்கு என்னைப் போன்றவருக்குப் பொருந்தாது.

மூன்றாவது, இப்போது கருவிகள் நீண்டநாள் உழைக்கின்றன. கூகுளின் பிக்சல் 8, சாம்சங்கின் எஸ்24 தொடங்கி 7 ஆண்டு மென்பொருள் புதுப்பிப்பு தருவதாக அறிவித்திருக்கிறார்கள். ஒருமுறை நல்லதை வாங்கி, ஒப்பந்தம் முடிந்ததும் சிம் மட்டும் திட்டத்துக்கு இறங்கி, ஐந்து வருடம் வைத்திருங்கள். ஒப்பந்தம் முடியும்போதெல்லாம் கருவியை மாற்றுவதுதான் செலவு.

குடந்தைக் கணக்கர்

பட்டுக்கோட்டையார் சொல்வதை மறுக்கவில்லை. உங்களுக்கு எந்த சிம் திட்டம் தேவையோ அதன் விலையை வைத்துக் கழியுங்கள், பத்தோ இருபத்தைந்தோ. மிச்சம் கடை விலைக்குக் கீழே வந்தால் கையெழுத்துப் போடுங்கள். நன்னிலத்தாருக்கு வந்த சலுகையில் அப்படி வரவில்லை, அவ்வளவுதான்.

தஞ்சைக் கோபுரம்

தொலைத்தொடர்புத் துறையில் ஆயுள் முழுக்கக் கோபுரம் ஏறி இறங்கியவன் என்ற முறையில் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இங்கிலாந்துக் கைப்பேசி நன்னிலத்தில் வேலை செய்யுமா? செய்யும் என்று ஒரு சொல்லில் சொல்பவரை நம்பாதீர்கள்.

பூட்டு பற்றிய கவலை இல்லை. 2021 டிசம்பர் முதல் பிரிட்டனில் நிறுவனங்கள் தங்கள் சிம்முக்கு மட்டும் பூட்டிய கருவிகளை விற்கத் தடை. உங்களுடையது அதற்குப் பிறகு வாங்கியதுதான்.

அலைவரிசைதான் விஷயம். நம் பக்கத்து 4ஜி பேண்டுகள், அதாவது அலைவரிசைகளுக்கு வைத்த எண்கள், 1, 3, 5, 8, 40, 41, இப்போது 28. ஐரோப்பாவுக்கென்று செய்த மாடல்களில் 5 அல்லது 40 விடுபட்டிருக்கலாம். 5 என்பது 850 மெகாஹெர்ட்ஸ். அதிர்வெண் குறையக் குறைய அலை தூரம் போகும், சுவருக்குள்ளும் நுழையும். நம் ஊர் தட்டையான பூமி, மலை மறைப்பில்லை. ஆனாலும் கோபுரங்கள் தள்ளித் தள்ளித்தான் நிற்கின்றன. நடுவில் தென்னந்தோப்பும் மூங்கிலும் அலையைக் குடித்துவிடும். கடைத்தெருவில் நான்கு கோடு காட்டும் கைப்பேசி தோப்பு வீட்டுக்குள் செத்துப்போவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். மாடல் எண்ணைக் கடைசி எழுத்துவரை எழுதித் தயாரிப்பாளர் தளத்தில் பேண்டுப் பட்டியலைப் பாருங்கள். ஒரே பெயரில் நாட்டுக்கு நாடு வெவ்வேறு மாடல் உண்டு.

அடுத்தது இன்னும் முக்கியம். அப்பா ஜியோ சிம் வைத்திருந்தால், அந்த நிறுவனத்துக்கு 2ஜி, 3ஜி கிடையாது. 2016இல் தொடங்கிய நாள் முதல் குரல் அழைப்பும் 4ஜி வழியாகத்தான். அதை வோல்டி என்பார்கள். வெளிநாட்டு மென்பொருள் உள்ள கருவியில் இந்திய நிறுவனத்துக்கான வோல்டி அமைப்பு இல்லாமல் போனால் இணையம் வரும், வாட்ஸ்அப் வரும், சாதாரண அழைப்பு மட்டும் போகாது. ஏர்டெல் சிம் என்றால் 2ஜி இருப்பதால் பேச்சாவது கிடைக்கும். 5ஜியிலும் அதே கதை. ஜியோவின் 5ஜி, 4ஜியைச் சாராமல் தனித்தியங்கும் வகை. கருவி அதை ஏற்க வேண்டும்.

பி.எஸ்.என்.எல். என்றால், 2025 செப்டம்பர் 27 அன்று உள்நாட்டுத் தொழில்நுட்பத்தில் 97,500 கோபுரங்களோடு 4ஜியை நாடு முழுக்கத் தொடங்கினார்கள். 700 மெகாஹெர்ட்ஸ், அதாவது பேண்ட் 28, அங்கே பயன்படுகிறது. ஐரோப்பிய மாடல்களில் பெரும்பாலும் அது இருக்கும். ஊரில் அந்தக் கோபுரம் நன்றாக வேலை செய்தால் பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டு அதையும் பரிசீலிக்கலாம்.

ஒரு நண்பர் இங்கே விடுமுறைக்கு வருகிறார் என்றால், அவரிடம் கொடுத்தனுப்பி அப்பாவின் சிம்மைப் போட்டு ஒரு அழைப்பு பேசிப் பாருங்கள். நான் எழுதியதெல்லாம் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

மன்னைப் பழுதுக்கடை

ஆள் மூலம் கொடுத்தனுப்புங்கள், பார்சலில் வேண்டாம். பேட்டரி உள்ள பொருளுக்கு விமான அஞ்சலில் ஆயிரம் கட்டுப்பாடு, பழைய கைப்பேசி என்றால் சுங்கத்தில் கேள்வி. வருபவர் கைப்பையில் வைத்துக்கொள்ளட்டும்.

அனுப்பும் முன் கூகுள் கணக்கிலிருந்து வெளியேறி, அதன் பிறகு அழியுங்கள். பலர் நேரடியாக அழித்துவிட்டு அனுப்புகிறார்கள். இங்கே திறந்தால் பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கக்கூடும். நீங்கள் அங்கே நள்ளிரவில் தூங்கிக்கொண்டிருப்பீர்கள், அப்பா என் கடையில் உட்கார்ந்திருப்பார். ஆப்பிள் என்றால் “தொலைந்த கருவியைக் கண்டுபிடி” வசதியை அணைத்துவிட்டு அனுப்புங்கள். அது ஓடிக்கொண்டிருந்தால் எவராலும் ஒன்றும் செய்ய முடியாது.

வாரண்டியை மறந்துவிடுங்கள். அந்த நாட்டில் வாங்கியதற்கு இந்தச் சேவை மையத்தில் பெரும்பாலும் பணம் கட்டித்தான் வேலை நடக்கும்.

இங்கேயே பழையது வாங்குபவர்களுக்கும் ஒன்று. 14422க்கு ஆங்கிலத்தில் கே.ஒய்.எம். என்று அடித்து, இடைவெளி விட்டு, கருவியின் அடையாளமான 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணை அனுப்பினால் அது எந்தக் கருவி, முடக்கப்பட்டதா என்று பதில் வரும். எண் தெரிய *#06# அழுத்துங்கள். 2023இல் வந்த அரசின் சஞ்சார் சாத்தி தளத்திலும் பார்க்கலாம். பெட்டியில் ஓர் எண், கருவியில் வேறு எண் என்றால் திருப்பிக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.

வெண்ணாற்றுக்காரர்

தம்பிமார்களே, ஒரு விவசாயியின் கைப்பேசியைப் பற்றி ஒருவரும் விவசாயியைக் கேட்கவில்லை. எனக்கு வயது எழுபதுக்கு மேல். மூன்று ஏக்கர் சம்பா நிற்கிறது.

எங்களுக்கு வேண்டியது மூன்று. பகல் வெயிலில் திரை தெரிய வேண்டும். மோட்டார் ஓடும் சத்தத்தில் மணி கேட்க வேண்டும். மின்சாரம் போனால் மறுநாள்வரை பேட்டரி நிற்க வேண்டும். கேமராவில் எத்தனை கண் என்பது எங்களுக்கு வேண்டாத கணக்கு. இங்கிலாந்துக்காரர் கைப்பேசி மெல்லியதாக, வழுக்கலாக, கண்ணாடி முதுகோடு இருக்கும். வரப்பில் குனிந்தால் சட்டைப் பையிலிருந்து நேராக வாய்க்காலுக்குப் போகும்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்த பிறகு எங்கள் பக்கத்தில் கோபுரமும் இல்லை, மின்சாரமும் இல்லை. ஜெனரேட்டர் வைத்திருந்தவர் வீட்டு வாசலில் கைப்பேசிகளை வரிசையாக வைத்து சார்ஜ் போட்டோம். அப்போது உதவியது விலையுயர்ந்த கருவிகள் அல்ல. பொத்தான் வைத்த சின்னக் கைப்பேசிகள். இன்றைக்கும் வீட்டில் ஒன்று வைத்திருக்கிறேன். நன்னிலத்தாரும் அப்பாவுக்கு ஒன்று வாங்கிக் கொடுக்கட்டும், ஆயிரத்துச் சொச்சம்தான்.

கைப்பேசியை எப்படியாவது மாற்றுங்கள். எண்ணை மட்டும் மாற்றாதீர்கள். ஆதாரில், வங்கியில், நெல் கொள்முதல் பதிவில், உழவன் செயலியில் எல்லாம் ஒரே எண். களத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு, ஓ.டி.பி. எந்த எண்ணுக்குப் போனது என்று தேடிக்கொண்டிருக்கும் மனிதர்களைக் கொள்முதல் நிலையத்தில் பார்த்திருக்கிறேன். நெல்லில் ஈரம், மேலே மழை மேகம், பின்னால் டிராக்டர் வரிசை.

திருத்துறைப்பூண்டிப் பெண்

ஐயா சொன்னது சரி. ஆனால் உள்ளூரில் புதிது வாங்குங்கள் என்று சொல்லும் எவரும் இங்கே விற்கும் விதத்தைச் சொல்லவில்லை. நம் ஊரில் ஒப்பந்தம் கிடையாது. அதன் இடத்தில் “வட்டியில்லாத் தவணை” உட்கார்ந்திருக்கிறது.

தம்பிக்குக் கல்லூரிக்காக வாங்கப் போனேன். பெரிய கடை, பெயர் வேண்டாம். பலகையில் வட்டி பூஜ்யம். தாளைக் கேட்டேன். செயல்முறைக் கட்டணம் ஒன்று, நான் கேட்காத திரைக் காப்பீடு ஒன்று, தவணைக்காரர்களுக்கு மட்டும் கிடைக்காத ரொக்கத் தள்ளுபடி ஒன்று. மூன்றையும் கூட்டினால் வட்டி வந்துவிட்டது. காப்பீட்டை எடுத்துவிடச் சொன்னதும் விற்பனையாளர் முகம் மாறியது. ரொக்கத் தள்ளுபடி விலைக்கே கேட்டு வாங்கினேன்.

வட்டியில்லாக் கடன் என்று ஒன்று இருக்க முடியாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல், கடன் அட்டை நீங்கலாக, புதிய சில்லறைத் தவணைக் கடன்களுக்கு முக்கிய விவரத் தாள் ஒன்றைத் தரவேண்டும். அதில் எல்லாக் கட்டணமும் சேர்த்து ஆண்டுக்கு எத்தனை சதவீதம் என்று ஒரே எண் இருக்கும். தமிழிலும் கேட்கலாம், புரியும் மொழியில் தருவது அவர்கள் கடமை. கடன் அட்டைத் தவணை என்றால் வட்டிப் பகுதிக்கு 18% ஜி.எஸ்.டி. தனியாக வரும். அதைக் கடைக்காரர் சொல்லவே மாட்டார், அட்டைப் பில் சொல்லும்.

பழையதைக் கொடுத்து வாங்கும்போது, பழையதன் மதிப்பையும் “எக்ஸ்சேஞ்ச் போனஸ்” என்பதையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். போனஸ் என்பது அந்த மாடலுக்கு எல்லோருக்கும் கிடைக்கும் தள்ளுபடியாகவே பலமுறை இருக்கிறது. தகராறு வந்தால் நுகர்வோர் உதவி எண் 1915.

செம்பவாங் பட்டுக்கோட்டையார்

நன்னிலத்தாருக்கு இன்னொரு குறிப்பு. உங்கள் இந்திய எண்ணும் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாமல் கிடந்தால் எண்ணைத் துண்டிக்கலாம் என்பது விதி. துண்டித்தால் வேறொருவருக்குப் போய்விடும், உங்கள் வங்கி ஓ.டி.பி.யும் அவருக்கே போகும். புதுக் கருவியில் இ-சிம் வசதி இருந்தால் ஒன்றை அதில் வைத்து, மற்றதை அட்டையாக வையுங்கள்.

நன்னிலத்தான்

எல்லோருக்கும் நன்றி. நடந்ததை எழுதுகிறேன்.

பில்லைப் பார்த்தேன். பிரிக்கவில்லை, ஒரே தொகை. சும்மா இருந்திருந்தால் 38 போய்க்கொண்டே இருந்திருக்கும். குறியீட்டுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினேன். லெஸ்டர் அண்ணன் சொன்னபடியே அழைப்பு வந்தது. கருவி வேண்டாம், சிம் மட்டும் போதும் என்றேன். அதே டேட்டா மாதம் 12 பவுண்டுக்கு வந்தது. ஒரு மாத அறிவிப்பில் விலகலாம். என் கைப்பேசிக்கு இன்னும் சில ஆண்டு புதுப்பிப்பு வரும், கையில் நன்றாகத்தான் இருக்கிறது. அதனால் அதை நானே வைத்துக்கொள்கிறேன்.

மாடல் எண்ணையும் பார்த்தேன். பேண்ட் 40 இருக்கிறது, 5 இல்லை. அப்பாவுக்கு ஜியோ சிம், வீடு தோப்புக்குள்.

அப்பாவின் கைப்பேசிக்கு திருவாரூரில் பேட்டரி மாற்றியாகிவிட்டது, திரைக்குச் சேதம் இல்லையாம். ஆனால் அது பழைய ஆண்ட்ராய்டு, நினைவகம் நிறைந்து தவிக்கிறது. அவருக்கு உள்ளூரிலேயே பன்னிரண்டாயிரம் ரூபாய்க்குள் ஒன்று ரொக்கத்துக்கு வாங்கலாம் என்று இருக்கிறேன். எதைப் பார்த்து வாங்க?

மன்னைப் பழுதுக்கடை

பேட்டரி 5,000 எம்.ஏ.எச்.சுக்குக் குறையாமல், நினைவகம் 128 ஜிபி, திரை வெளிச்சம் வெயிலில் கடை வாசலில் நின்று பார்த்து. சேவை மையம் திருவாரூரிலோ கும்பகோணத்திலோ இருக்கும் நிறுவனமாகப் பாருங்கள். சென்னைக்கு அனுப்பி வாங்க வேண்டிய உதிரிபாகம் உள்ள மாடல் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். வாட்ஸ்அப் உரையாடல்களைப் பழையதிலிருந்து மாற்றிய பிறகே பழையதை அழியுங்கள். அப்பாக்கள் கேட்பது புகைப்படத்தை அல்ல, பேரப்பிள்ளைகள் அனுப்பிய குரல் பதிவுகளை.

தஞ்சைக் கோபுரம்

வாங்கும் முன் கடைக்காரரிடம் உங்கள் சிம்மைப் போட்டு ஒரு அழைப்பு. மறுத்தால் அடுத்த கடை.

முத்துப்பேட்டை மருமகன்

இழையைப் படித்தேன். மாமியாருக்கு வாட்ஸ்அப்பே வேண்டாம், பேச மட்டும்தான். டேட்டாவோடு சேர்த்துத்தான் ரீசார்ஜ் செய்ய வேண்டும் என்கிறார்கள். வழி உண்டா?

தஞ்சைக் கோபுரம்

உண்டு. பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் உள்ள திட்டம் ஒன்றையாவது வைத்தே ஆகவேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் விதித்தது. சிறப்பு ரீசார்ஜ்களின் செல்லுபடியை 365 நாள்வரை வைக்கவும் அனுமதித்தது. ரீசார்ஜ் செயலியின் முதல் பக்கத்தில் அதைக் காட்டமாட்டார்கள். கீழே இறங்கிக்கொண்டே போங்கள், “குரல் மட்டும்” என்ற பிரிவு இருக்கும். கடைக்குப் போனால் அந்தச் சொல்லையே சொல்லிக் கேளுங்கள்.